ஆஸ்பத்திரிக் கட்டிலும் வீட்டுக் கட்டிலும்

கடலூர் திருப்பாப்புலியூரிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார்:

"என் பெற்றோர் புதுச்சேரி முதலியார்பேட்டையில் சொந்த வீட்டில் இருக்கிறார்கள். அப்பாவுக்கு 77 வயது. மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியில் ஃபிட்டராக இருந்து ரிட்டயர் ஆனவர். பி.எஃப். பென்ஷன் மாதம் 2,900 ரூபாய். அம்மாவுக்கு 74. ஐந்து மாதத்துக்கு முன் பக்கவாதம் வந்து வலது கை, கால் விழுந்துவிட்டது. பேச்சு வரவில்லை, ஆனால் நாம் சொல்வது எல்லாம் புரிகிறது. தனியார் ஆஸ்பத்திரியில் 22 நாள் வைத்திருந்தோம். 4,10,000 ரூபாய் ஆனது. கையில் மீதி 11 லட்சம் டெபாசிட். அதில் 4 லட்சம் அம்மா பெயரில். இப்போது மாதச் செலவு: ஏஜென்சி மூலம் வந்த ஹோம் நர்ஸுக்கு 24,000, பிசியோதெரபிக்கு 6,000, மருந்து 5,200, டயப்பர் முதலானவை 4,500, வீட்டுச் செலவு 10,000. ஒருநாள் விட்டு ஒருநாள் நான் பஸ் ஏறிப் போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன். இதற்காகத் தனியார் பள்ளியில் மாதம் 11,000 சம்பளத்தில் பார்த்த டீச்சர் வேலையை விட்டுவிட்டேன். பெங்களூரில் இருக்கும் தம்பி, வீட்டை விற்றுவிடலாம், இல்லாவிட்டால் தன் பெயருக்கு எழுதி வைத்தால் மாதம் 20,000 அனுப்புகிறேன் என்கிறான். அவன் போனில் இதைச் சொன்னபோது அம்மா இடது கையால் கட்டில் சட்டத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். அம்மா பேரில் இப்போது இன்சூரன்ஸ் எடுக்க முடியுமா? வீட்டை என்ன செய்வது? அவர்களை என் வீட்டுக்கே அழைத்து வந்துவிடலாமா?"

அன்புள்ள சகோதரிக்கு,

கட்டில் சட்டத்தைப் பிடித்த அந்தக் கை உங்கள் கடிதத்தைப் படித்த நாளிலிருந்து என் மனதில் நிற்கிறது. அதைப் பற்றிக் கடைசியில் பேசுகிறேன். முதலில் கணக்கு.

மாதம் 49,700 ரூபாய் செலவு. பென்ஷன் போக 46,800 ரூபாயை டெபாசிட்டிலிருந்து எடுத்துக்கொண்டே போனால் 11 லட்சம் இரண்டு வருடத்துக்குக்கூட வராது. பக்கவாதம் வந்து படுத்தவர்கள் நல்ல கவனிப்பு இருந்தால் பல வருடம் இருக்கிறார்கள். உங்கள் அம்மாவும் இருக்க வேண்டும் என்றுதான் நாம் கணக்குப் போட வேண்டும். அப்படியானால் அந்தப் பணம் போதாது என்பதை இன்றைக்கே ஒப்புக்கொண்டு பேசுவோம்.

இருபது வருடமாகக் குடும்பங்களுக்குப் பண ஆலோசனை சொல்லும் இந்த வேலையில் இருக்கிறேன். முதுமைச் செலவு என்றதும் எல்லோரும் பயப்படுவது ஆஸ்பத்திரி பில்லைப் பார்த்துத்தான். பில் பெரிது, அதனால் பயமும் பெரிது. ஆனால் குடும்பத்தைக் கரைப்பது பெரும்பாலும் டிஸ்சார்ஜ் ஆனபிறகு மாதா மாதம் வரும் செலவு. ஆயா சம்பளம், டயப்பர், பிசியோ, ஆட்டோ, இத்துடன் வேலையை விட்ட மகளின் சம்பளம். ஆஸ்பத்திரிக் கட்டிலுக்குப் பணம் தர அரசுத் திட்டமும் பாலிசியும் இருக்கின்றன. வீட்டுக் கட்டிலுக்குப் பணம் தரும் பாலிசி நம் ஊரில் இல்லை என்றே சொல்லலாம். ஜப்பானில் 2000-ம் ஆண்டிலிருந்து இதற்கென்றே தனிக் காப்பீடு இருக்கிறது. 40 வயதைத் தொட்டவர்கள் எல்லோரும் சந்தா கட்டுகிறார்கள். இங்கே அந்தச் சுமை வீட்டில் ஒருவர் தலையில், பெரும்பாலும் ஒரு பெண்ணின் தலையில், விழுகிறது. உங்கள் விஷயத்தில் நடந்திருப்பதும் அதுதான். ஆகவே இரண்டு கட்டிலுக்கும் தனித்தனியாக ஏற்பாடு செய்வோம்.

ஆஸ்பத்திரிக் கட்டில் சுலபமானது. 70 வயது முடிந்த எல்லோருக்கும், வருமானம் எதுவானாலும், ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை உள்நோயாளி சிகிச்சை தரும்படி ஆயுஷ்மான் பாரத் திட்டத்தை மத்திய அரசு 2024 அக்டோபர் 29 அன்று விரிவுபடுத்தியது. வய வந்தனா அட்டை என்று பெயர். உங்கள் பெற்றோர் இருவருமே 70 தாண்டியவர்கள். 5 லட்சம் என்பது இருவருக்கும் சேர்த்து. ஏற்கெனவே இருக்கும் நோய்க்குக் காத்திருப்புக் காலம் கிடையாது. பக்கவாதம் வந்தவர் என்று ஒதுக்க மாட்டார்கள். டிஸ்சார்ஜ் ஆனபின் 15 நாள் வரையிலான மருந்துச் செலவும் அதில் சேரும். ஆதார் அட்டையும் ஆதாருடன் இணைத்த போனும் இருந்தால் பதிவு செய்துவிடலாம். அம்மாவின் ஆதார் எந்த போன் நம்பரோடு இருக்கிறது என்று பார்த்துவிடுங்கள். பழைய சிம்மைத் தூக்கிப் போட்டுவிட்டு ஓடிபி வராமல் அல்லாடும் குடும்பங்களை நிறையப் பார்த்திருக்கிறேன். ஜிப்மரில் இந்த அட்டை செல்லும். தனியார் ஆஸ்பத்திரி என்றால், உடம்பு நன்றாக இருக்கும் ஒரு நாளில் நேரில் போய், பக்கவாதத்துக்கும் இதயத்துக்கும் இந்த அட்டையை எடுப்பீர்களா என்று கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். நடுராத்திரி ஆம்புலன்ஸில் இருந்துகொண்டு கேட்கிற கேள்வி அல்ல அது.

இன்னொன்று, பலருக்குத் தெரியாதது. அப்பா ஈஎஸ்ஐயில், அதாவது தொழிலாளர் அரசுக் காப்பீட்டில், இருந்தாரா? குறைந்தது 5 வருடம் ஈஎஸ்ஐ காப்பீட்டில் இருந்து, வயது முதிர்வால் ஓய்வு பெற்றவருக்கும் அவர் மனைவிக்கும் ஆண்டுக்கு 120 ரூபாய் கட்டினால் ஈஎஸ்ஐ மருத்துவ வசதி உண்டு. வெறும் 120 ரூபாய். பழைய ஈஎஸ்ஐ அட்டையையும் ரிட்டயர் ஆன கடிதத்தையும் பீரோவில் தேடச் சொல்லுங்கள். எடுத்துக்கொண்டு ஈஎஸ்ஐ கிளை அலுவலகத்துக்கு ஒரு நடை போய் வாருங்கள். கோரிமேட்டிலேயே ஈஎஸ்ஐ ஆஸ்பத்திரி இருக்கிறது. புறநோயாளியாகப் போய் மருந்து வாங்கவும் அது உதவும். வய வந்தனா அட்டையால் அது முடியாது.

தனியார் இன்சூரன்ஸ் கேட்டிருக்கிறீர்கள். 2024 ஏப்ரலுக்குப் பிறகு வயது வரம்பு காட்டிக் கதவை மூடக் கூடாது என்பது விதி. ஆனால் பக்கவாதம் வந்த 74 வயதுக்காரருக்குக் கம்பெனி மறுக்கலாம். கொடுத்தாலும் ஏற்கெனவே உள்ள நோய்க்கு மூன்று வருடம் வரை காத்திருக்க வைக்கலாம். அப்பாவுக்குக் கிடைக்கும், பிரீமியம்தான் அவர் பென்ஷனை முழுங்கிவிடும். இருவருக்கும் வேண்டாம். அந்தப் பணத்தை வீட்டுக் கட்டிலுக்கு வையுங்கள். உங்களுக்கும் உங்கள் கணவருக்கும் பாலிசி இல்லையென்றால் இந்த மாதமே எடுங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் மருத்துவக் காப்பீட்டு பிரீமியத்துக்கு ஜிஎஸ்டி இல்லை.

இப்போது வீட்டுக் கட்டில்.

என் அம்மா இரண்டரை வருடம் படுக்கையில் இருந்தார். அப்போது எழுதிய கணக்கு நோட்டு இன்னும் என்னிடம் இருக்கிறது. முதல் மாதம் டாக்டர் ஏர் பெட் வாங்கச் சொன்னார். சில ஆயிரம் ரூபாய்தானே, அடுத்த மாதம் பார்க்கலாம் என்று தள்ளிப்போட்டேன். இரண்டாவது மாதம் இடுப்புக்குக் கீழே எட்டணா அளவுக்குச் சிவந்தது. மூன்றே நாளில் தோல் கிழிந்து புண்ணாகிவிட்டது. அதை ஆற்ற நான்கு மாதம், தினமும் இரண்டு வேளை டிரஸ்ஸிங். நோட்டில் அந்தப் பக்கங்களில் காஸ், பஞ்சு, களிம்பு, நர்ஸ் கூலி என்று வரிசையாக இருக்கிறது. கூட்டிப் பார்த்தால் ஏர் பெட் விலையைப் போல் ஆறு மடங்கு. பணம் போனது கிடக்கட்டும், டிரஸ்ஸிங் பிரிக்கும்போது அம்மா எழுப்பிய சத்தம் எனக்கு இன்னும் மறக்கவில்லை. அதனால் முதல் செலவாக ஏர் பெட் வாங்குங்கள். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்க வைக்க ஒரு தாளில் நேரம் எழுதிக் கட்டிலுக்கு மேல் ஒட்டுங்கள். திருப்பியவர் அதில் டிக் போடட்டும். படுக்கைப்புண் வராமல் பார்த்துக்கொள்வதைவிடப் பெரிய சேமிப்பு இந்தக் கட்டத்தில் கிடையாது.

பிசியோதெரபியில் கை வைக்காதீர்கள். பக்கவாதத்தில் முதல் ஆறு மாதத்தில் திரும்பக் கிடைப்பதுதான் அதிகம். அம்மாவுக்கு இப்போது ஐந்தாவது மாதம். அவர் தானாக எழுந்து உட்காரப் பழகிவிட்டாலே டயப்பர் செலவும் ஆயா செலவும் குறையும். அதனால் அந்த 6,000 இன்னும் மூன்று மாதம் அப்படியே போகட்டும். வருகிறவர் செய்யும்போது ஒருவர் பக்கத்தில் நின்று கற்றுக்கொண்டு, மாலையில் ஒருமுறை செய்துவிட வேண்டும்.

குறைக்க வேண்டியது 24,000-ஐ. மூக்கில் டியூப், சிறுநீர் டியூப், ஊசி என்று எதுவும் இல்லாதபோது ஹோம் நர்ஸ் எதற்கு? அம்மாவுக்கு வேண்டியது குளிப்பாட்டி, ஊட்டி, திருப்பிப் படுக்க வைக்கிற, முகம் சுளிக்காத ஓர் அம்மா. உங்கள் தெருவிலேயே விசாரித்தால் பகல் நேரத்துக்கு 12,000 ரூபாய்க்குள் ஒருவர் கிடைக்க வாய்ப்பு உண்டு. ஏஜென்சிக்குப் போகிற கமிஷன் மிச்சம். வாரத்தில் ஒரு நாள் லீவும் தீபாவளிக்கு ஒரு புடவையும் முதலிலேயே பேசிவிடுங்கள். நல்ல ஆள் நிலைத்திருப்பது அந்தக் குடும்பத்துக்கே பாக்கியம்.

மருந்துச் சீட்டை எடுத்துக்கொண்டு டாக்டரிடம், இவற்றை ஜெனரிக் மருந்து விற்கும் மக்கள் மருந்தகத்தில் வாங்கலாமா என்று கேளுங்கள். பிரஷர், கொழுப்பு, ரத்தம் உறையாமலிருக்க என்று பக்கவாதத்துக்குப் பின் வழக்கமாகத் தரும் மாத்திரைகளில் பல அங்கே கிடைக்கின்றன. 5,200 என்பது பாதியாகக் குறைந்தால் எனக்கு ஆச்சரியமில்லை.

உங்கள் வீட்டுக்கு அழைத்து வரலாமா என்பதற்கு என் பதில், மூன்று மாதம் வந்து பார்க்கட்டும் என்பது. இராத்திரி அம்மாவைத் திருப்பிப் படுக்க வைக்க 77 வயது அப்பாவால் முடியாது. அதற்காகத்தான் நீங்கள் 24 மணி நேர நர்ஸுக்குக் கொடுத்துக்கொண்டிருக்கிறீர்கள். பஸ்ஸில் உங்கள் அலைச்சலும் மிச்சமாகும். தமிழ்நாட்டுப் பக்கம் வந்தால் 'மக்களைத் தேடி மருத்துவம்' இருக்கிறது. 2021 ஆகஸ்டில் தொடங்கியது. பிரஷர், சர்க்கரை மாத்திரைகளை வீட்டில் கொண்டுவந்து தருவதோடு, படுக்கையில் இருப்பவர்களுக்கு வீட்டுக்கே வந்து பிசியோதெரபியும் நோய்த்தணிப்புப் பராமரிப்பும் தருவார்கள். உங்கள் பகுதி நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தில் அம்மா பெயரைப் பதிந்து, எத்தனை நாளைக்கு ஒருமுறை வருவார்கள் என்று கேளுங்கள். இந்த மூன்று மாதத்தில் முதலியார்பேட்டை வீட்டை வாடகைக்கு விட வேண்டாம். 'திரும்பிப் போக இடமிருக்கிறது' என்ற தெம்பு பெரியவர்களுக்கு வேண்டும். ஒத்துவந்தால் அப்புறம் விடலாம்.

இனி 11 லட்சம். 2 லட்சத்தை அவசரத்துக்கு வங்கியிலேயே வையுங்கள். 9 லட்சத்தை அஞ்சலகத்தில் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் அப்பா பெயரில், அம்மாவைக் கூட்டாகச் சேர்த்துப் போடுங்கள். வட்டி 8.2 சதவீதம், மூன்று மாதத்துக்கு 18,450 ரூபாய், மாதத்துக்கு 6,150 என்று ஆகிறது. ஐந்து வருடத் திட்டம், இடையில் எடுத்தால் கொஞ்சம் பிடிப்பார்கள். அதற்காகத்தான் அந்த 2 லட்சத்தை வெளியே வைக்கச் சொன்னேன். அம்மா பெயரில் இருக்கும் 4 லட்சத்தை எடுக்கக் கையெழுத்து வேண்டுமே என்று கவலைப்படாதீர்கள். 70 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு வீட்டுக்கு வந்து சேவை தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2017-லேயே வங்கிகளுக்குச் சொல்லியிருக்கிறது. மேனேஜருக்கு ஒரு மனு எழுதிக் கொடுங்கள். ஊழியர் வந்து, சாட்சி வைத்து, இடது பெருவிரல் ரேகை வாங்கிக்கொள்ளலாம். இதை அம்மா தெளிவாக இருக்கும்போதே முடித்துவிடுங்கள்.

கூட்டிப் பார்ப்போம். முதல் மூன்று மாதம்: ஆயா 12,000, பிசியோ 6,000, மருந்து 2,500, டயப்பர், விரிப்பு 3,500, சாப்பாடு, கரண்டுக்கு 7,000. மொத்தம் 31,000. வரவு, பென்ஷனும் வட்டியுமாக 9,050. துண்டு விழுவது 21,950. அதற்குப் பிறகு பிசியோ 2,000-க்கு இறங்கி, முதலியார்பேட்டை வீட்டுக்கு 8,000 வாடகை வந்தால், செலவு 27,000, வரவு 17,050. துண்டு விழுவது 9,950.

இந்த எண்ணைத் தம்பிக்கு அனுப்புங்கள். மூன்று மாதம் 20,000, பிறகு மாதம் 10,000. அவர் தருவதாகச் சொன்ன தொகைக்குள்தான் இருக்கிறது. இதற்கு வீட்டை எழுதி வாங்க வேண்டிய அவசியம் எங்கே வருகிறது? அதே தாளில் இன்னொரு வரியையும் எழுதுங்கள்: 'அக்கா விட்ட சம்பளம், மாதம் 11,000.' உங்கள் பங்கு அது. இராத்திரி கண்விழிப்பதற்குக் கணக்கே போடவில்லை. பணம் அனுப்புகிறவர் மட்டும்தான் செலவு செய்கிறார் என்ற எண்ணம் நம் குடும்பங்களில் ஊறிப் போயிருக்கிறது. தாளில் எழுதிக் காட்டினால்தான் அது கண்ணுக்குத் தெரியும். தம்பி கெட்டவர் என்று நான் நினைக்கவில்லை. தூரத்தில் இருப்பவருக்கு வீடு ஒன்றுதான் கண்ணில் படுகிறது.

வீட்டை விற்க வேண்டாம். விற்ற பணம் பெருகாமல் கரையும். விற்றபின் வாடகைக்குப் போனால், வீட்டுச் சொந்தக்காரர் படுக்கையில் இருப்பவரை வைத்துக்கொள்ளத் தயங்குவார். தானசெட்டில்மெண்டும் வேண்டாம். உயிலை அப்பா எத்தனை தடவை வேண்டுமானாலும் மாற்றலாம். செட்டில்மெண்ட் பத்திரம் பதிவானால் அன்றைக்கே வீடு கைமாறியது. மனம் மாறினால் திரும்ப எடுக்க வழக்குக்குத்தான் அலைய வேண்டும். எழுதியே ஆக வேண்டும் என்ற நிலை வந்தால், இரண்டு வாசகம் இல்லாமல் அப்பா கையெழுத்துப் போடக் கூடாது: இருவரும் வாழும்வரை அந்த வீட்டில் அனுபவ உரிமை உண்டு, எழுதி வாங்குகிறவர் இருவரையும் பராமரிக்க வேண்டும், தவறினால் பத்திரம் செல்லாது. பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம், 2007, 23-ம் பிரிவு இந்த நிபந்தனைக்குப் பல் கொடுக்கிறது. 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் மத்தியப் பிரதேசத்தைச் சேர்ந்த ஒரு தாய் மகனுக்கு எழுதிக் கொடுத்த பத்திரத்தை இந்தச் சட்டத்தின்படி ரத்து செய்தது. நிபந்தனை தெளிவாக எழுத்தில் இருந்தால் அவ்வளவு தூரம் போகாமலேயே இந்தச் சட்டப்படி அமைந்த பராமரிப்புத் தீர்ப்பாயத்தில் முடியும்.

அப்பா இப்போது செய்ய வேண்டியது ஓர் உயில். வீடு அவர் பெயரில்தானே? அவர் உயில் எழுதாமல் முந்திக்கொண்டால் இந்து வாரிசுச் சட்டப்படி அம்மாவுக்கும் உங்களுக்கும் தம்பிக்கும் மூன்றில் ஒரு பங்கு. அம்மா தன் சொந்த வீட்டில் மூன்றில் ஒரு பங்குக்காரர் ஆகிவிடுவார். அதனால் அம்மா வாழும்வரை வீடும் வாடகையும் அம்மாவுக்கே, அதற்குப் பிறகு யாருக்கு எவ்வளவு என்று அப்பா தெளிவாக எழுதட்டும். இரண்டு சாட்சிகள் போதும். பதிவு கட்டாயமில்லை, ஆனாலும் பதிவு செய்துவிடுங்கள். சாட்சிகள் சொத்தில் பங்கு வராதவர்களாக, அப்பாவைவிட வயது குறைந்தவர்களாக இருக்கட்டும்.

நான்கைந்து வருடம் கழித்துப் பணம் நெருக்கினால் வீட்டின் மேல் தலைகீழ் அடமானக் கடன் (ரிவர்ஸ் மார்ட்கேஜ்) என்ற வழி இருக்கிறது. 2007-ல் வந்தது. 60 வயது தாண்டியவர்கள் தாங்கள் குடியிருக்கும் சொந்த வீட்டை வங்கியில் வைத்து மாதா மாதம் பணம் பெறலாம். இருவரும் வாழும்வரை வெளியேற்ற மாட்டார்கள், பிறகு பிள்ளைகள் கடனைக் கட்டி வீட்டை மீட்கலாம். அவர்களே குடியிருந்தால்தான் அது பொருந்தும் என்பதால் இப்போதைக்கு வேண்டாம்.

அம்மா விஷயத்துக்கு வருகிறேன். எல்லாம் புரிகிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். ஆனாலும் ஐந்து மாதமாக எல்லோரும் அவர் தலைக்கு மேலேயே பேசிக்கொண்டிருக்கிறீர்கள். வருகிற ஞாயிற்றுக்கிழமை தம்பியை நேரில் வரச் சொல்லுங்கள். டி.வி.யை அணைத்துவிட்டு, அம்மாவின் இடது பக்கம் உட்கார்ந்து, கையைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொன்றாகக் கேளுங்கள். ஆமாம் என்றால் ஒருமுறை அழுத்தச் சொல்லுங்கள், இல்லை என்றால் இரண்டு முறை. 'கடலூருக்கு வருகிறாயா அம்மா?' 'மூன்று மாதம் மட்டும், சரியா?' 'வீட்டுச் சாவி உன்னிடமே இருக்கட்டுமா?' பதில் வர நேரமாகும். அவசரப்படுத்தாமல் காத்திருங்கள். அவர் கையில் வருகிற பதிலுக்குத் தக்கபடி மேலே உள்ள கணக்கை மாற்றி எழுதி எனக்கு அனுப்புங்கள், மறுபடி உட்கார்ந்து பார்க்கிறேன்.